அடுத்த வாங்கைக் கேட்கச் சொன்னவர்

"அவையளிட்டக் கேட்டனீங்களோ?"

எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையில் அமர்ந்து பிறரைப் பற்றி எவர் எதை உரைத்தாலும், ஆசிரியை ஒருவரிடமிருந்து எழும் முதல் வினா இதுவாகவே இருக்கும். குரலை உயர்த்தமாட்டார். திருத்திக்கொண்டிருக்கும் பயிற்சிப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவும் மாட்டார். சிவப்புப் பேனா ஒரு கணம் நிற்கும், வினா வரும், பேனா மீண்டும் நகரும்.

ஒருநாள் கணித ஆசிரியர், சீனர்கள் தேநீரில் சீனியே சேர்ப்பதில்லை என்று உறுதிபடக் கூறினார். பேனா நின்றது.

"கேட்டனீங்களோ, சேர்?"

"ஆரிட்ட ரீச்சர் கேக்கிறது? சீனாவுக்கோ போறது?"

"சீனாவுக்கு ஏன்? துறைமுக வாசலுக்குப் போங்கோ. போன கிழமை வந்த கப்பல் இன்னும் நிக்குது."

கணித ஆசிரியர் சிரித்துவிட்டு மறந்துவிட்டார். ஆசிரியையோ மறக்கவில்லை. அடுத்த வாரம் மீன் சந்தையில் கணவாய் வாங்கிக்கொண்டிருந்த சீனக் கப்பலின் சமையற்காரரைக் கண்டிருக்கிறார். கையசைவாலும் உடைந்த ஆங்கிலத்தாலும் வினவியிருக்கிறார். மறுநாட் காலை, கைக்குடையை மடக்கி மூலையில் வைத்த கையோடு அறிவித்தார்:

"சீனி போடுறவராம். அதுவும் தாராளமா. ஆனா அவர் ஒருத்தர். சீனா முழுக்க அப்பிடி எண்டு நான் சொல்லேல்லை."

அவர் எங்கள் பாடசாலையின் புவியியல் ஆசிரியை. அன்புவழிபுரத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருவார். நெடிய மெலிந்த உருவம். கஞ்சியிட்ட பருத்திச் சேலை. இடது கையின் மணிக்கூட்டுப் பட்டியில் எப்போதும் சுண்ணக்கட்டித் தூள். ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரையான வகுப்புகளையே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொள்வார். உயர்தர வகுப்புகளைக் கற்பிக்கும் தகுதி அவருக்கு இருந்தது. அதிபர் பலமுறை அழைத்தும் போகவில்லை. நான் அப்போது அப்பாடசாலையில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஏன் போகவில்லை என்று ஒருமுறை வினவினேன்.

"சின்னதுகள் சொன்னதை நம்பும், சேர். பெரிசுகள் சோதினைக்குப் படிக்கும். இந்த நடு வயசுதான் 'ஏன்' எண்டு கேட்டுப்போட்டு, பதிலுக்கும் நிண்டு பார்க்கிற வயசு. இதை விட்டா, பிறகு பிள்ளையள் கேக்காயினம். தெரியும் எண்டு சொல்லுவினம்."

பாடசாலை துறைமுகத்தை நோக்கிய மேட்டில் இருந்தது. எட்டாம் தர வகுப்பின் சாளரத்தருகே நின்றால், மா அரைக்கும் ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் பெருங்கப்பல்கள் வளைகுடாவுக்குள் மெல்லத் திரும்புவதைக் காணலாம். பாடத்திட்டத்தில் 'உலக வர்த்தகம்' என்றொரு அலகு உண்டு. பிற ஆசிரியர்கள் அதனைக் கரும்பலகையில் எழுதி முடிப்பர். அவர் அந்த அலகைத் தொடங்கிய நாளில் வகுப்பைக் கடந்துசென்ற நான், கதவருகே நின்றுவிட்டேன்.

"காலமை ஆர் ஆர் பாண் சாப்பிட்டனீங்கள்?"

பாதிக் கைகள் உயர்ந்தன.

"அந்தப் பாணின்ர கோதுமை மா எந்த ஊர் வயலில முளைச்சது?"

உறவினர் வீட்டில் தங்கிப் படித்த கந்தளாய் ஊர்ப் பையன் ஒருவன், "ரீச்சர், எங்கட வயலில அதைப் போட்டா முளைக்குமோ?" என்று கேட்டான். அவ்வினா அவரை மகிழ்வித்த அளவுக்கு வேறெதுவும் மகிழ்வித்ததை நான் கண்டதில்லை. அடுத்த சில வாரங்கள் அவ்வகுப்பு அக்கப்பல்களின் பின்னேயே சென்றது. எந்த நாட்டிலிருந்து வருகின்றன, அங்கே மழை எப்போது, அறுவடை செய்பவர் யார், அவர் பிள்ளைகள் காலையில் என்ன உண்பர் என்று பிள்ளைகள் தேடினர். கந்தளாய்ப் பையன் தன் தந்தையிடமும் அயல் வயற்காரரிடமும் வினவி வந்து, வெப்பமும் ஈரமும் பற்றி ஒரு பக்கம் எழுதினான். அந்தப் பக்கத்தை மொழிப்பிழை திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தான். திருத்த அதிகம் இருக்கவில்லை.

அவ்வாண்டு அவ்வகுப்பின் தமிழ்க் கட்டுரைகளிலும் ஒரு மாற்றத்தைக் கண்டேன். 'அவர்கள் எல்லாரும் இப்படித்தான்' என்ற வகை வாக்கியங்கள் குறைந்தன. 'ஒருவர் என்னிடம் சொன்னார்' என்ற தொடக்கங்கள் பெருகின. நான் கற்பித்ததன்று அது.

பின்னர் வந்தது வியாழக்கிழமை வகுப்பு.

அவருடைய பழைய பள்ளித்தோழி ஒருவர் டென்மார்க்கில், கடலோரச் சிறுநகர் ஒன்றில் குடியேறி, அங்குள்ள பாடசாலையிற் பணிபுரிந்தார். இரு பாடசாலைப் பிள்ளைகளும் வாரம் ஒருமுறை இணையவழியே முகம் பார்த்துப் பேசுவதென்று இருவரும் ஏற்பாடு செய்தனர். வெள்ளிக்கிழமை தொழுகைக்குச் செல்லும் பிள்ளைகளை எண்ணி, வியாழக்கிழமையின் கடைசிப் பாடவேளையைத் தெரிந்தார். எங்களுக்கு வெயில் உச்சி சாய்ந்த நேரம், அவர்களுக்குக் காலை. பழைய மாணவர் அனுப்பிய மடிக்கணினி ஒன்று மேசைமேல் இருக்கும். அத்திரையில் முதன்முறை அந்த வெளிறிய முகங்கள் தோன்றியபோது, அங்கிருந்து வந்த முதல் வினா, "உங்கள் தெருக்களில் மான்கள் நடக்கின்றனவாமே, ஏன் ஒருவரும் அவற்றைச் சுடவில்லை?" என்பது. எங்கள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். பிறந்த நாள் முதல் நகரத்து மான்களோடு வளர்ந்தவர்களுக்கு அது ஒரு வினாவாக இருக்கக்கூடும் என்பதே புதுமை.

இரண்டாம் வாரம், "திருநாள்களில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டனர். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கதையைச் சொல்லத் துள்ளியது. அப்போதுதான் அவர் தமக்கே உரிய அவ்விதியை வகுத்தார்: எவரும் தம் வீட்டு வழக்கத்தைத் தாம் விளக்கலாகாது. அடுத்த வாங்கில் அமர்ந்திருப்பவர் வினவி அறிந்து, அவர்தான் விளக்க வேண்டும். இன்ன பிள்ளைக்கு இன்ன வீடு என்று தவணை முழுமைக்கும் இணை வகுத்துக் கொடுத்தார்.

எங்கள் வகுப்புகளில் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் கலந்தே இருந்தனர். ஒரே வாங்கில் இருந்தனர். ஒரே குழாயில் நீர் அருந்தினர். எனினும் பாடசாலை விட்டதும் வெவ்வேறு வீதிகளுக்குப் பிரிந்தனர். ஒருவர் வீட்டுக் குசினியை மற்றவர் பார்த்ததில்லை. போர்க்காலம் பெற்றோருக்குக் கற்பித்த எச்சரிக்கையைப் பிள்ளைகள் காரணம் அறியாமலே பேணினர்.

தையற்கடைக்காரரின் மகள் சுமையாவுக்குக் கிருஷாந்தின் வீடு வாய்த்தது. கிருஷாந்தின் தந்தை இரண்டு இயந்திரப் படகுகளுக்கு உரிமையாளர். ஊரார் அவரைச் சம்மாட்டியார் என்று அழைப்பர். கோயில் அறங்காவலருள் ஒருவர். சுமையா முதலில் தைப்பொங்கலை விளக்கினாள். கிருஷாந்தின் தாயிடம் தொலைபேசியில் வினவி எழுதியதை வகுப்பில் வாசித்தாள்:

"பால் பொங்கி வழியும்போது எல்லாரும் சத்தம் போடுவார்கள். ஆனால் ஒருவரும் நெருப்பைக் குறைக்கமாட்டார்கள்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கிருஷாந்த், "ஏய், அது வழிய வேணும்! வழியிறதுதான் விசேசம்!" என்று கத்தினான்.

"அதை நீ சொல்லக்கூடாது, நான்தான் சொல்லணும். ஏன் வழியணும்? உங்க அம்மா சொல்லல்லையே."

கிருஷாந்துக்கும் தெரியவில்லை. வீட்டிற்குப் போய்க் கேட்டு வந்தான். அடுத்த முறை அவன் நோன்புக்கஞ்சியை விளக்கியபோது, ஏலக்காய் எப்போது இடுவதென்பதில் சுமையா அவனைத் திருத்தினாள். அவன் அதற்குப் பழி தீர்க்க அவளுடைய வாப்பாவிடமே சென்று கேட்டு, அவள் சொன்னதும் தவறென்று கண்டுபிடித்து வந்தான். ஒரு கிழமை முழுவதும் அவ்வகுப்பில் ஏலக்காய் வழக்கு நடந்தது.

"பக்கத்தில பக்கத்தில இருந்தும் இதுகள் ஒண்டையொண்டு கேக்காமலே வளர்ந்திடுங்கள், சேர்," என்று அவர் ஒருநாள் என்னிடம் கூறினார். "தூரத்தில இருந்து ஒருத்தன் கேட்டாத்தான், கிட்ட இருக்கிறதைத் திரும்பிப் பார்க்கிறது வருது. எனக்கு டென்மார்க் வேணும் எண்டில்லை. கேக்கிற ஆள் வேணும்."

அவ்விதியே அவருக்கு இடரையும் கொண்டுவந்தது.

பங்குனித் திருவிழா முடிந்த வாரம், கிருஷாந்த் தன் தந்தையின் ஒளிப்படம் ஒன்றைப் பெருமையோடு கொண்டுவந்தான். சம்மாட்டியார் காவடி எடுத்து வீதியில் ஆடும் படம். முதுகில் செடில் கொக்கிகள் வரிசையாகக் குத்தப்பட்டு, கயிறுகள் பின்னே இழுபட்டிருந்தன. படம் டென்மார்க்குக்குச் சென்றது. விளக்கம் செல்லவில்லை. ஏனெனில் சுமையாவுக்குக் காய்ச்சல், அவள் வந்திருக்கவில்லை. விதிப்படி கிருஷாந்த் வாய்திறக்க இயலாது. அவ்வியாழன், மாட்ஸ் என்னும் டேனியச் சிறுவன் திரையில் முகத்தை நெருக்கிவைத்துக் கேட்டான்:

"இந்த மனிதருக்கு யார் இந்தத் தண்டனை கொடுத்தார்கள்? காவற்றுறை ஏன் தடுக்கவில்லை?"

கிருஷாந்தின் முகம் சிவந்தது. உதடுகளை இறுக்கிக்கொண்டு விதியைக் காத்தான். வீட்டிற்குச் சென்றதும் அழுதிருக்கிறான்.

மறுநாட் காலை, சம்மாட்டியாரின் மோட்டார்ச் சைக்கிள் அதிபரின் அறை வாசலில் வந்து நின்றது. அதிபர் ஆசிரியையையும், வகுப்பு ஆசிரியன் என்ற முறையில் என்னையும் அழைத்தார்.

"அதிபர், நான் படிக்காதவன் இல்லை. ஓஎல் வரைக்கும் படிச்சனான்," என்றார் சம்மாட்டியார். கதிரையில் அமரவில்லை. "என்ர முதுகைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பொடியன் பொலிசைக் கூப்பிடச் சொல்றான். என்ர பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறான். இதுதானோ பாடம்? இந்த நேரத்தில ரெண்டு கணக்குப் போட்டாலும் மாக்ஸ் கூடும்."

"இருங்கோ, இருங்கோ," என்றார் அதிபர். அமைதியை விரும்பும் மனிதர். "ரீச்சர், பாடத்திட்டத்தில இல்லாததை நாங்கள் ஏன்..."

"பிழை என்னிலதான், அண்ணை," என்றார் ஆசிரியை, சம்மாட்டியாரைப் பார்த்து. "படத்தை விட்டனான், கதையை விடேல்லை. விதி என்ர, பிழையும் என்ர."

சம்மாட்டியார் இதனை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் தடுமாறினார். பின்னர், "அப்ப சரி. நிப்பாட்டுங்கோ," என்றார்.

"நிப்பாட்டலாம். ஆனா அந்தப் பொடியன் கேட்டவன். பழிக்கேல்லை. கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் நிப்பாட்டினா, உங்களுக்கு ஆரோ தண்டனை தந்தவை எண்டு நம்பியே அவன் வளருவான். அது உங்களுக்குச் சரியோ?"

"அப்ப கிருஷாந்தே சொல்லட்டும்," என்று அதிபர் இடைமறித்தார். எளிய வழி அதுவாகவே தோன்றியது, எனக்கும் தோன்றியது.

"ஏலாது, சேர். கிருஷாந்தும் சொல்லக்கூடாது, அண்ணையும் சொல்லக்கூடாது. சுமையா சொல்லுவா. அவ உங்களிட்டக் கேக்க வருவா, அண்ணை."

"ஆர், அந்தத் தையல் கடைக்காரற்ற பிள்ளையோ? அவவுக்குக் காவடியைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. அதாலதான்."

அவர் பிடிவாதக்காரர் என்று அந்நொடியில் எனக்குச் சினமே வந்தது. தோற்கும் நிலையில் நிற்பவர் விதியை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாரே என்று எண்ணினேன். அதிபர் இரு தரப்புக்கும் நடுவே ஒரு முடிவு சொன்னார். வருகிற வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் பெற்றோர் கூட்டம். வியாழன் வகுப்பு தொடர்வதா, அந்நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுப்பதா என்று அங்கே கையுயர்த்தித் தீர்மானிப்பது. சம்மாட்டியார் வெளியே செல்லுமுன் சொன்னார்:

"சபையில நான்தான் முதல் கையைத் தூக்குவன். அதுக்குப் பிறகும் நடந்தா, பிள்ளையை வேற பள்ளிக்கூடத்தில விடுவன். ஆனா அந்தத் தையல் கடைப் பிள்ளையை அனுப்புங்கோ, கேக்கட்டும். கேக்க வாற பிள்ளையைக் கலைக்கிற ஆள் இல்லை நான்."

ஆசிரியர் அறைக்குத் திரும்பியதும் ஆசிரியை வழக்கம்போற் புத்தகக் கட்டைத் திறந்தார். பேனா நெடுநேரம் ஒரே பக்கத்தில் நின்றது. "அந்தக் கூட்டத்தில அவர் கையைத் தூக்கினா, சுமையாவின்ர வாப்பா என்ன செய்வார் எண்டு நினைக்கிறீங்கள், சேர்?" என்று கேட்டார். ஒரு தரப்பு ஒரு பக்கம் கையுயர்த்தினால் மறு தரப்பு மறு பக்கம் உயர்த்தும் ஊர் எங்கள் ஊர். ஒரு தவணையாக அவர் அவிழ்த்த முடிச்சுகள் அம்மண்டபத்தில் ஒரு கையசைவில் மீண்டும் இறுகிவிடும் என்பதே அவர் அச்சம். பாடவேளை பறிபோவது அவருக்கு இரண்டாவது துயரம்.

திங்கள் மாலை, சுமையாவின் தந்தையின் வேண்டுகோளுக்கிணங்க, நானும் சுமையாவுடனும் ஆசிரியையுடனும் சென்றேன். உட்துறைமுகத்தின் ஓரத்தில், வலைகள் உலரும் முற்றத்தோடு சம்மாட்டியாரின் வீடு. அவர் மனைவி தேத்தண்ணியும் பயற்றம் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். சுமையா கதிரையின் நுனியில் அமர்ந்தாள். ஆசிரியை பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், அது நோகாதா?"

"நோகும்."

"அப்ப ஏன் எடுக்கிறீங்க?"

"நேர்த்தி பிள்ளை."

"எங்கட உம்மாவும் நேர்ச்சை வைப்பாங்க. தம்பிக்குச் சுகமானதும் பள்ளிவாசல் கந்தூரிக்கு அரிசி குடுத்தாங்க. குடுத்தாச்சு, முடிஞ்சுது. நீங்க ஒவ்வொரு வருசமும் எடுக்கிறீங்களாமே. ஒவ்வொரு வருசமும் என்ன கிடைச்சது?"

சம்மாட்டியார் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். முற்றத்து வலைகளைப் பார்த்தார். கதவுக்குப் பின்னே கிருஷாந்தின் நிழல் அசைந்தது.

"ஒண்டும் கிடைக்கேல்லை," என்றார். "என்ர தம்பி கடலுக்குப் போனவன். காத்து மாறின காலம். எல்லாப் போட்டும் வந்திட்டுது, அவன்ர போட் வரேல்லை. அவன் வந்தா முதுகில செடில் குத்திக் காவடி எடுக்கிறன் எண்டு கரையில நிண்டு நேர்ந்தனான்."

"வந்தாங்களா?"

"இல்லை."

சுமையா குழம்பினாள். குழம்பியதை மறைக்கத் தெரியாத வயது. "வரல்லையெண்டா நேர்ச்சை இல்லையே, அங்கிள்?"

"வந்தா எண்டு சொன்னனான் பிள்ளை. எப்ப எண்டு சொல்லேல்லையே."

கதவுக்குப் பின்னிருந்து கிருஷாந்த் வெளியே வந்தான். சிற்றப்பனைக் கடல் கொண்டதை அவன் அறிவான். தந்தையின் முதுகுத் தழும்புகளையும் அறிவான். இரண்டுக்கும் நடுவிலிருந்த கதையை எவரும் அவனுக்குச் சொல்லவில்லை; அவனும் எவரிடமும் கேட்கவில்லை. தந்தையருகே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், காலியான தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

சுமையா மெல்ல வினவினாள்: "இதை அவங்களுக்குச் சொல்லலாமா?"

"காவடியைச் சொல்லு. முதுகைச் சொல்லு. தம்பியைச் சொல்ல வேண்டாம்."

திரும்பி வரும் வழியில், "இனி என்ன செய்யிறது ரீச்சர்? 'ஏன்' எண்டு கேட்டா நான் என்ன சொல்றது?" என்று சுமையா கேட்டாள். "நீதானே கேட்டனி. உனக்குத்தான் தெரியும்," என்று மட்டும் சொல்லி, ஆசிரியை குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

வியாழக்கிழமை, கூட்டத்துக்கு வந்த பெற்றோர் முன்னதாகவே வந்து வகுப்பின் வெளியே கூடத்தில் நின்றனர். சுமையாவின் தந்தை ஒரு தூணருகில் நின்றார். சம்மாட்டியார் அவரிடமிருந்து நன்றாக விலகி, சாளரத்தின் ஓரமாக நின்றார். தம் சொல் காக்கப்படுகிறதா என்று பார்க்க வந்தவர் போலிருந்தது. திரையில் மாட்ஸும் அவன் வகுப்பாரும் தோன்றினர். சுமையா எழுந்து ஆங்கிலத்தில் விளக்கினாள்.

"இவை செடில்கள். யாரும் தண்டிக்கவில்லை. அவரே விரும்பிக் குத்திக்கொண்டார். நோகும், அவரிடம் கேட்டேன். காவற்றுறையினர் அன்று அங்கே இருந்தார்கள். வாகனங்களை நிறுத்தி அவருக்கு வழிவிட்டார்கள்."

டேனியப் பிள்ளைகளிடையே ஒரு சிறு சிரிப்பலை எழுந்து அடங்கியது. மாட்ஸ் சிரிக்கவில்லை. "ஏன் அப்படிச் செய்தார்?" என்று கேட்டான்.

சுமையா சாளரத்தைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனால் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அது அவருடையது."

மாட்ஸ் தலையசைத்தான். "அப்படியானால், கேட்டதற்கு மன்னிக்கவும்," என்றான்.

"கேட்டது பிழையில்லை," என்றாள் சுமையா.

அப்போது வகுப்பின் வாசலில் அரவம் கேட்டது. சம்மாட்டியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். ஆசிரியை எழுந்தார்; தடுக்கவில்லை.

"பிள்ளை, நான் ஒண்டு கேட்டா, அந்தப் பொடியனுக்கு விளங்கச் சொல்லுவியோ?"

"ஓம் அங்கிள்."

"அவன்ர ஊரும் கடற்கரை ஊர்தானே. அங்கயும் ஆக்கள் கடலுக்குப் போய் வராமல் விட்டிருப்பினம். வராட்டி வீட்டுக்காரர் என்ன செய்யிறவை எண்டு கேள்."

சுமையா கேட்டாள். டேனியப் பிள்ளைகள் தமக்குள் பேசினர். மாட்ஸ் எழுந்து திரைக்கு வெளியே போய், அங்கே பணிபுரியும் எங்கள் ஆசிரியையின் தோழியின் கைப்பேசியை வாங்கி வந்து, அதில் தேடியெடுத்த ஒளிப்படம் ஒன்றைத் திரைக்கு நேரே பிடித்தான். வெள்ளைச் சுவர்கள் கொண்ட தேவாலயம். அதன் கூரையிலிருந்து, இரண்டு கயிறுகளில், மரத்தாலான சிறு பாய்க்கப்பல் ஒன்று அந்தரத்தில் தொங்கியது.

"என் பாட்டியின் அப்பா வட கடலுக்குப் போனார். திரும்பவில்லை," என்றான் மாட்ஸ். "என் பாட்டியின் அம்மா இதைச் செய்வித்துக் கோயிலுக்குக் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றிலும் இப்படிக் கப்பல்கள் உண்டு. திரும்பி வந்தவர்கள் கொடுத்தவையும் உண்டு; வராதவர்களின் வீட்டார் கொடுத்தவையும் உண்டு."

சுமையா மொழிபெயர்த்து முடிக்குமுன்னே சம்மாட்டியார் திரையை நோக்கிக் குனிந்துவிட்டார். கடலில் தொலைவுப் படகொன்றை இனங்காண்பவரைப் போலக் கண்ணைச் சுருக்கினார்.

"அணியம் எந்தப் பக்கம் பார்த்திருக்கு எண்டு கேள்."

"அணியம் எண்டா?"

"கப்பலின்ர முன்பக்கம் பிள்ளை."

மாட்ஸ் யோசித்தான். "உள்ளே பலிபீடத்தைப் பார்த்திருக்கிறது. பின்பக்கம் வாசலை நோக்கி."

"பாய் எல்லாம் விரிச்சிருக்கோ?"

"எல்லாம் விரித்திருக்கிறது."

சம்மாட்டியார் நிமிர்ந்தார். 

"அப்ப அது போற கப்பல் இல்லை," என்றார். "வாற கப்பல். இன்னும் வந்துகொண்டு இருக்கு."

பிறகு சுமையாவின் பக்கம் திரும்பினார். "சொல்லு பிள்ளை. தம்பியையும் சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். சம்மாட்டியார் கேட்பதற்காகத் தமிழில் ஒரு வாக்கியம். எந்தக் கரையில் நின்று நேர்ந்தார் என்ற இடத்தில் அவள் தயங்கினாள். அவர் எடுத்துக்கொடுத்தார். வெளியே நின்ற பெற்றோர் ஒவ்வொருவராகச் சாளரங்களின் அருகே வந்தனர். தூணருகில் நின்ற தையற்கடைக்காரரும் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தம் மகள் வேறொரு வீட்டின் துயரத்தைப் பிழையின்றிச் சொல்வதைக் கேட்டு நின்றார். கிருஷாந்த் அடுத்த வாங்கில் வாய்திறவாமல் இருந்தான். அன்று அவனுக்கு அது கடினமாகத் தோன்றவில்லை.

ஆசிரியை தமது கதிரையை இழுத்து வந்து சம்மாட்டியாருக்குப் பின்னே வைத்தார். அவர் திரும்பிப் பாராமலே அமர்ந்தார். ஆசிரியை வகுப்பை விட்டு வெளியேறி, கூடத்தில் பெற்றோரோடு பெற்றோராக, ஒரு தாயின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மணி அடித்தது. அதிபர் கூடத்தின் மறுகோடியில் தோன்றி, "கூட்டத்துக்கு எல்லாரும் மண்டபத்துக்கு வாங்கோ," என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ, அதிபர்," என்று சாளரத்தருகே நின்ற எவரோ தலையைத் திருப்பாமல் மறுமொழி சொன்னார். "இது முடியட்டும்."

அதிபர் சிறிது நேரம் நின்றார். பிறகு அவரும் ஒரு சாளரத்தின் அருகே வந்தார். அன்று மண்டபம் திறக்கப்படவில்லை, எவரும் கையுயர்த்தவுமில்லை. அடுத்த வியாழன், கடைசிப் பாடவேளையில், எட்டாம் தரத்தின் மேசைமேல் மடிக்கணினி விரித்து வைக்கப்பட்டிருந்தது.